சோமூர் குதிரைகளுக்கு ராணுவப் பணமா?

"பிரான்ஸ் ராணுவம் டாங்கிக்கு ஒதுக்கிய காசில் சோமூரில் குதிரையை ஆட விடுகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். அரசுப் பணம் என்பது சரி. ராணுவப் பணம் என்பதுதான் தவறு.

குழப்பம் வருவது இயல்பு. நீங்கள் சொல்லும் குதிரைகளின் சவாரிக் குழுவான காத்ர் நுவார் பிறந்தது பிரான்ஸின் சோமூர் ஊரிலுள்ள குதிரைப்படைப் பள்ளியில்தான். அந்தப் பள்ளி இன்னும் அதே ஊரில் இருக்கிறது. ஆனால் அங்கே இப்போது கவச வாகனப் பயிற்சி, செலவு பாதுகாப்பு அமைச்சகத்துடையது. குதிரைகள் 1972-இலேயே தேசியக் குதிரையேற்றப் பள்ளிக்குப் போய்விட்டன. அது விளையாட்டுத் துறையின் கீழ் வந்தது. 2010-இல் அரசின் குதிரை வளர்ப்பு அமைப்போடு சேர்த்து ஒரே நிறுவனமாக்கினார்கள். இன்று அதை மேற்பார்ப்பவை வேளாண் அமைச்சகமும் விளையாட்டு அமைச்சகமும். மானியம் உண்டு, கூடவே பயிற்சிக் கட்டணம், காட்சி டிக்கெட் வருமானமும் உண்டு.

காத்ர் நுவாரில் ராணுவத்திலிருந்து வந்த சிலர் இன்னும் சவாரி செய்கிறார்கள், மறுக்கவில்லை. பெரும்பாலோர் சிவிலியன்கள். தங்கப் பட்டையோடு கறுப்புச் சீருடை, அங்கவடியே இல்லாத சேணத்தில் உட்கார்ந்து குதிரையை அந்தரத்தில் துள்ள வைப்பது, இதையெல்லாம் பார்த்தால் யாருக்கும் படைப்பிரிவு என்றுதான் தோன்றும். ஆனால் இவர்களின் முக்கிய வேலை குதிரையேற்ற ஆசிரியர்களை உருவாக்குவது. இந்தச் சவாரி மரபு 2011-இல் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறியது.

பாதுகாப்பு பட்ஜெட்டில் ஓடும் குதிரைப் பள்ளியைத்தான் திட்ட வேண்டுமென்றால், அது பிரான்ஸின் இன்னொரு ஊரான ஃபோந்தென்ப்ளோவில் இருக்கிறது. அதன் கணக்கைக் கேளுங்கள், நியாயமான கேள்வி.