அவன் சம்பளம், அவன் சட்டை

அந்த ஸ்கிரீன்ஷாட் விஷயத்தில் வாயைத் திறக்கக் கூடாது என்றுதான் இருந்தேன். நேற்று ராத்திரி கமென்ட்களைப் படித்த பிறகு முடியவில்லை.

எது என்று நம் வட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். நம்ம பையன் ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் என்ற போன் துப்பாக்கி விளையாட்டில், காசு கட்டிச் சுற்றும் ஃபேடட் வீல் என்ற பரிசுச் சக்கரத்தைச் சுற்றி ஒரு பண்டில், அதாவது தன் கேரக்டருக்கு ஒரு செட் உடை, எடுத்தான். சந்தோஷத்தில் குழுவில் போட்டான். அதை ஒருவர் அப்படியே தூக்கித் தன் பக்கத்தில் ஒட்டி, "பனியன் கம்பெனியில நின்னு சம்பாதிச்ச காசை பொம்மைக்குச் சட்டை வாங்கி அழிக்கிறான், பெத்தவங்க பாவம்" என்று எழுதினார். கீழே சிரிப்பு பொம்மைகள். சிரித்தவர்களில் பாதிப் பேர் ஞாயிற்றுக்கிழமை அந்த ஆட்டத்துக்குள் நான் போடும் ரூமில் விளையாடுகிறவர்கள். அதுதான் எனக்கு வலிக்கிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அது அவன் சம்பளம். கடன் வாங்கவில்லை, யார் கார்டையும் எடுக்கவில்லை, வீட்டுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டு மிச்சத்தில் செய்தான். அந்த மிச்சத்தை என்ன செய்யலாம் என்று ஓட்டுப் போட நீங்கள் யார்?

"இல்லாத துணிக்கு எதுக்குப் பணம்?" என்று கேட்கிறீர்கள். நான் திருப்பூரில் மெர்ச்சண்டைசராக, பனியன் ஆர்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில், இருக்கிறேன். துணியின் விலை என்ன, சட்டையின் விலை என்ன என்று எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். ஒரே மில்லின் நூல், ஒரே நிட்டிங், ஒரே தையல் லைன். ஒரு பீஸுக்கு ஒரு லேபிள், பக்கத்து பீஸுக்கு வேறு லேபிள். கடையில் தொங்கும்போது இரண்டுக்கும் விலை பல மடங்கு வித்தியாசம். அந்த வித்தியாசத்தில் நூல் எத்தனை கிராம் இருக்கிறது? ஒன்றுமில்லை. மார்பில் இருக்கும் பிரிண்ட்டுக்கும் அந்தப் பெயருக்கும்தான் காசு. அதை வாங்குகிறவரை யாரும் பைத்தியக்காரன் என்று எழுதுவதில்லை. டேஸ்ட் உள்ளவர் என்கிறீர்கள். அந்தச் சட்டையைத் தைத்த பையன் தனக்குப் பிடித்த டிசைனுக்குப் பணம் கொடுத்தால் மட்டும் அறிவில்லாதவனா?

ஆர்டிஓவில் வண்டிக்கு ஃபேன்ஸி நம்பர் வாங்குகிறார்கள். நம்பர் நன்றாக இருந்தால் வண்டி வேகமாகப் போகுமா, மைலேஜ் கூடுமா? அரசாங்கமே கட்டணம் வைத்து விற்கிறது, வாங்கினவர் மாலை போட்டுப் படம் எடுத்துப் போடுகிறார், நாம் எல்லாரும் வாழ்த்துச் சொல்கிறோம். அங்கே ஒரு கணக்கு, இங்கே ஒரு கணக்கு.

இது புதிய விஷயமும் இல்லை. 2006இல் ஆப்ளிவியன் என்ற விளையாட்டில் குதிரைக்கு ஒரு கவசத்தை இரண்டரை டாலருக்கு விற்றபோது உலகமே சிரித்தது. அப்புறம் என்ன ஆனது? ஃபோர்ட்நைட்டைக் காசில்லாமல் யார் வேண்டுமானாலும் விளையாடலாம், அந்த நிறுவனம் உடையும் நடனமும் விற்றே கோடி கோடியாகச் சம்பாதித்தது. ஃப்ரீ ஃபயரும் அப்படித்தான். நீங்கள் ஒரு ரூபாய் கட்டாமல் இத்தனை வருஷம் விளையாடுகிறீர்களே, அந்த சர்வருக்கு யார் காசு கட்டுகிறார்கள் என்று நினைக்கிறீர்கள்? நீங்கள் சிரித்தீர்களே, அவனை மாதிரி ஆட்கள்தான் கட்டுகிறார்கள். இலவசமாக விளையாடுகிறவர், காசு கட்டி விளையாடுகிறவனைப் பார்த்துச் சிரிப்பது என்ன நியாயம்?

உடனே சிலர் வருவார்கள், "அக்கா, ஸ்கின் போட்டா பவர் கூடுதே, அது ஏமாத்து வேலைதானே" என்று. இது நியாயமான கேள்வி. ஃப்ரீ ஃபயரில் துப்பாக்கி ஸ்கின்னுக்கு, அதாவது துப்பாக்கிக்குப் போடும் டிசைனுக்கு, டேமேஜ், ரீலோட் என்று கூட்டலும் குறைத்தலும் உண்டு. அதை நானும் ஒத்துக்கொள்வதில்லை. காசு உள்ளவன் அடி பலமாக விழும் என்றால் அது அழகுப் பொருள் இல்லை, ஆயுதம் விற்பது. அதனால்தான் என் ரூமில் அந்தக் கூட்டல் குறைத்தலைத் தரும் கன் ஆட்ரிப்யூட்டை ஆஃப் பண்ணிவிட்டுத்தான் ஆரம்பிப்பேன். ஆனால் அவன் எடுத்தது உடை. தோட்டா அந்தச் சட்டையைப் பார்த்து வளைந்து போகாது. ஒருத்தரையும் ஏமாற்றாத ஒன்றுக்காகத்தான் அவனை இவ்வளவு பேசியிருக்கிறீர்கள்.

"அது சூதாட்டம்" என்று இன்னொரு கூட்டம். லக் ராயல் என்ற அந்த ஆட்டத்துக் குலுக்கல் பற்றிச் சொன்னால் நான் உங்கள் பக்கம். என்ன வரும் என்று தெரியாமல் பெட்டி திறக்க வைப்பது கேவலமான வியாபாரம். பெல்ஜியம் 2018லேயே காசு கட்டித் திறக்கும் லூட் பாக்ஸ் சூதாட்டச் சட்டத்தில் வரும் என்று சொல்லிவிட்டது. சீனாவில் எந்தப் பொருள் கிடைக்க எத்தனை சதவீதம் வாய்ப்பு என்று வெளியிட வேண்டும் என 2017 முதல் விதி இருக்கிறது. நம் ஊரிலும் வர வேண்டும். ஆனால் ஃபேடட் வீல் கொஞ்சம் வேறு. பத்துப் பொருளில் வேண்டாத இரண்டை நாமே நீக்குகிறோம், வந்தது திரும்ப வராது, எட்டாவது சுற்றுக்குள் நாம் கேட்டது கட்டாயம் கிடைத்துவிடும். முதல் சுற்று ஒற்றை இலக்க டைமண்ட் (காசு கொடுத்து வாங்கும் ஆட்டத்து நாணயம்), கடைசிச் சுற்று நூற்றுக்கணக்கில் என்று ஏறும். ஆசை காட்டி இழுக்கிற ஏற்பாடுதான், மறுக்கவில்லை. ஆனாலும் மொத்தம் எவ்வளவு ஆகும் என்று முன்கூட்டியே கூட்டிப் பார்த்துவிடலாம். அவன் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினான், என்னிடம் கேட்டான், எனக்குத் தெரியும்.

ரம்மியோடு முடிச்சுப் போடுகிறவர்களுக்கு: தயவுசெய்து வேண்டாம். ரம்மியில் பணம் கட்டுகிறவர் பணம் திரும்பி வரும் என்று கட்டுகிறார். விட்டதைப் பிடிக்கப் போய்த்தான் குடும்பங்கள் அழிந்தன. அதனால்தான் 2022இல் தமிழ்நாடு சட்டம் கொண்டுவந்தது, 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடைசெய்தது. சட்டை வாங்கினவன் எதையும் திரும்ப எதிர்பார்க்கவில்லை. பிடித்திருந்தது, வாங்கினான்.

குழந்தைகள் அப்பா அம்மா காசை எடுத்து டைமண்ட் வாங்குவது பற்றியும் நிறையப் பேர் எழுதியிருந்தீர்கள். ஃபோர்ட்நைட் நிறுவனம் பட்டன்களைக் குழப்பமாக வைத்து மக்களை வாங்க வைத்ததற்காக 2022 டிசம்பரில் அமெரிக்காவில் 24.5 கோடி டாலர் திருப்பித் தர ஒப்புக்கொண்டது. அந்த நிறுவனங்களை நன்றாகத் திட்டுங்கள், நானும் வருகிறேன். இருபத்து மூன்று வயது ஆளின் விஷயத்தில் குழந்தைகளை ஏன் இழுக்கிறீர்கள்? அவன் குழந்தையா?

"நாளைக்கு ஆட்டத்தையே மூடிட்டா எல்லாம் போச்சே" என்பது எனக்கு உறைக்கும் ஒரே கேள்வி. ஏனென்றால் அந்தப் பயத்தை நான் பட்டிருக்கிறேன்.

லாக்டவுன் சமயத்தில் ஹாஸ்டலில் நாங்கள் நாலு பெண்கள் ஒரே ஸ்குவாட். வெளியே போக முடியாது, ஆர்டர் எல்லாம் கேன்சல், சம்பளம் பாதி. ராத்திரி ஆனால் போனைச் சார்ஜில் போட்டுக்கொண்டு நாலு பேரும் சுவரில் சாய்ந்து உட்காருவோம். எங்களில் ஒருத்திக்குக் கல்யாணம் நிச்சயமாகி நாமக்கல் பக்கம் போகப் போகிறாள் என்று ஆனதும், மூன்று பேரும் காசு போட்டு அவளுக்கு ஒரு பண்டில் கிஃப்ட் அனுப்பினோம். அதே பண்டிலை நாங்களும் எடுத்தோம். நாலு பேரும் ஒரே உடையில், ஆட்டம் தொடங்கும் முன் காத்திருக்கும் லாபியில் நின்றோம். பட்டுப் புடவை எடுத்துக் கொடுத்திருக்கலாம்தான். அதைக் கட்டிக்கொண்டு நாங்கள் நாலு பேரும் ஒன்றாக நிற்கிற நாள் இனி வரப்போவதில்லை என்று அவளுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

2022 பிப்ரவரி 14, ஃப்ரீ ஃபயரைத் தடை செய்த அன்று அவள் அழுதுகொண்டே கூப்பிட்டாள். "அக்கா, நம்ம ட்ரெஸ் போயிருச்சா?" தடையில் சிக்காத மேக்ஸ் பதிப்பில் அதே ஐடியைப் போட்டுத் திறந்தோம், எல்லாம் இருந்தது. இன்றைக்கும் குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு என்றைக்காவது வருவாள். மேட்ச்கூட ஆட மாட்டோம். லாபியில் அந்த உடையில் நின்று கேரக்டரை ஆட வைக்கும் எமோட் போட்டுக்கொண்டு மாமியார் கதை பேசுவோம். ஒருநாள் இதுவும் மூடும், தெரியும். அதற்காக அன்றைக்குக் கொடுத்த காசு வீண் என்று என்னிடம் யாரும் சொல்லிவிட வேண்டாம்.

நான் எவ்வளவு யோசித்தாலும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறேன். ஐடி கம்பெனியில் வேலை செய்கிற ஒருவர் இதே பண்டிலை எடுத்திருந்தால் நீங்கள் "செம்ம ப்ரோ" என்று போட்டிருப்பீர்கள். போட்டும் இருக்கிறீர்கள், போன மாதப் பதிவுகள் இன்னும் அங்கேதான் கிடக்கின்றன. பவர் டேபிளில், தையல் மெஷினில், உட்காருகிறவன் எடுத்ததும் பெற்றவர்கள் நினைவுக்கு வருகிறார்கள். சேமிப்பு நினைவுக்கு வருகிறது. பீஸ் ரேட்டில், தைத்த பீஸுக்கு இவ்வளவு என்று, வேலை செய்கிறவன் டீ குடித்தால் கணக்கு, சினிமா போனால் கணக்கு, நல்ல செருப்பு போட்டால் "எங்கடா காசு?" சம்பளம் குறைவாக இருக்கிறவன் சந்தோஷத்துக்கு மட்டும் ஊரே ஆடிட்டர். அவனுக்கு ஓவர்டைம் காசு இரண்டு வாரம் தள்ளிப் போனபோது உங்களில் ஒருவராவது ஒரு வரி எழுதினீர்களா? பெற்றவர்கள் பாவம் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லையே.

அவன் அம்மாவிடம் யாரோ அந்தப் பதிவைக் காட்டியிருக்கிறார்கள். அந்த அம்மாவுக்கு விளையாட்டும் தெரியாது, டைமண்டும் தெரியாது. மகன் ஏதோ தப்புப் பண்ணிவிட்டான், அதனால் ஊர் சிரிக்கிறது என்று மட்டும் புரிந்திருக்கிறது. இன்று காலையில் அவன் வேலைக்கு வரவில்லை.

அந்தப் பதிவில் அவன் பெயரும் ஆட்டத்தில் அவனைத் தேடிப் பிடிக்கும் எண்ணான யூஐடியும் மறைக்கப்படவே இல்லை. யார் யாரோ ரிக்வெஸ்ட் அனுப்பி லாபிக்குள் வந்து திட்டுகிறார்கள். போட்டவர் இதைப் படிப்பார் என்று தெரியும். பதிவை எடுங்கள். சிரித்தவர்களும் போய் அவனிடம் பேசுங்கள். அது நடக்கிறவரைக்கும் ஞாயிற்றுக்கிழமை ரூமை நான் போடப் போவதில்லை. கேட்டு மெசேஜ் அனுப்ப வேண்டாம்.