50 பாகைக் கோடு

நேற்றுப் பரந்தன் சந்தியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது, பொறியியல் படிக்கிற எங்கள் ஊர்த் தம்பி ஒருவன் போனில் ஒரு படம் காட்டினான். ஈரலில் கட்டி, அதன் நடுவில் ரேடியோ அலை ஊசி, சுற்றிவரச் சிவப்பு. கட்டியைச் சூட்டால் அழிக்கிற சிகிச்சைக்கு அவன் கணினியில் செய்த மாதிரி. "50 பாகைக் கோட்டுக்கு உள்ள இருக்கிறதெல்லாம் செத்திடும் அண்ணா" என்றான்.

"எத்தனை நிமிசத்தில?" என்று கேட்டேன். முழித்தான்.

வெப்பநிலை 50 பாகையாக இருக்கிற இடங்களை இணைத்து வரைகிற இந்தக் கோட்டில் எனக்குக் கனநாளாகக் கோபம். இழையத்தைச் சூடு மட்டும் கொல்வதில்லை, நேரமும் சேர வேண்டும். பலரும் எடுக்கிற அளவு 43 பாகையில் 240 நிமிடம். அதற்கு மேல் ஒவ்வொரு பாகைக்கும் தேவையான நேரம் பாதியாகும். 50இல் இரண்டு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு, 55இல் நான்கு விநாடிகூட இல்லை. அம்மம்மா கிடாரத்தில் நெல் அவிக்கும்போது ஆவி வந்தவுடனே இறக்கமாட்டா. நெல் வாய் பிளக்கும்வரை பொறுப்பா.

இதில் பயமும் உண்டு. மாதிரியில் வெப்பநிலை 3 பாகை பிழைத்தால் பாதிப்புக் கணக்கு எட்டு மடங்கு பிழைக்கும். படத்திலோ அது நிறத்தில் ஒரு சாயல், அவ்வளவுதான்.

சரி, சூட்டையும் நேரத்தையும் சேர்த்துப் பாதிப்பைக் கணக்கிடுகிற அரீனியஸ் சமன்பாடு போட்டால் நேரமும் கணக்கில் வந்துவிடுமே என்பார்கள். வரும். ஆனால் அது தருகிற பாதிப்பு எண்ணான ஒமேகா 1 ஆன இடத்தையெல்லாம் 'செத்தது' என்று நிறம் தீட்டுகிறார்களே, எனக்கு அங்கேதான் சண்டை. 1 என்றால் 63 சதவீதம். நூறு கலங்களில் 37 உயிரோடு இருக்கின்றன, அதுவும் புற்றுக்கட்டியின் ஓரத்தில்! 99 சதவீதம் வேண்டுமென்றால் 4.6 வரை போக வேண்டும். போதாக்குறைக்கு, 1947இல் ஹென்றிக்கெசும் மோரிட்சும் தோலைச் சுட்டுப் பார்த்த சோதனைகளிலிருந்து வந்த மாறிலிகளையே சிலர் ஈரலுக்கும் போடுகிறார்கள். தோலும் ஈரலும் ஒன்றா?

தம்பியின் மாதிரியில் பெரிய இரத்தக் குழாய் ஒன்றுமே இல்லை. 3 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட குழாய் பக்கத்தில் ஓடினால், 37 பாகை இரத்தம் சூட்டை அள்ளிக்கொண்டு போய்விடும். கட்டி திரும்ப முளைக்கிற இடங்களில் அந்த ஓரமும் ஒன்று.

என்னைக் கேட்டால், அந்த ஒற்றைக் கோட்டையே விட்டுவிட்டு 50, 90, 99 சதவீதக் கலங்கள் சாகிற இடம் என்று மூன்று எல்லை வரைய வேண்டும். படம் வடிவாக இராது. இருக்கட்டும்.

தேத்தண்ணிக் காசை அவன்தான் கொடுத்தான். குழாயையும் வைத்துத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறானாம்.