மாடுலர் வீடா? கழற்ற முடியுமா என்று முதலில் கேளுங்கள்

மாடுலர் வீடுகளைப் பற்றி, அதாவது தொழிற்சாலையில் பெட்டி பெட்டியாகச் செய்து கொண்டுவந்து சேர்க்கும் வீடுகளைப் பற்றி, வரும் காணொளிகளில் பெரும்பாலும் ஒரே காட்சிதான். கிரேன் ஒரு பெட்டியைத் தூக்கி இன்னொரு பெட்டியின் மேல் வைக்கிறது, பின்னணியில் இசை, கொஞ்ச நாளில் ஐந்து மாடி எழுந்து நிற்கிறது. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வைத்த பெட்டியை இருபது வருடம் கழித்துக் கழற்றி எடுக்கும் காணொளியை யாராவது பார்த்திருக்கிறீர்களா?

தொழிற்சாலையில் செய்த வீடு வேறு, குடியிருப்பவர் தன் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளக்கூடிய வீடு வேறு. இரண்டையும் ஒரே பெயரில் விற்கிறார்கள். முதலாவதால் வரும் லாபம் பெரும்பாலும் கட்டுபவருக்கு: வேகம், குறைந்த கழிவு, மழை வந்தாலும் நிற்காத வேலை. எல்லாம் நல்ல விஷயங்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் குடியிருப்பவருக்குப் பயன்படுவது இரண்டாவது. அது பெட்டியும் பெட்டியும் சேரும் இடத்தைப் பொறுத்தது.

டோக்கியோவில் இருந்த நாககின் கேப்ஸ்யூல் டவரைப் பாருங்கள். கிஷோ குரோகாவா வடிவமைத்து 1972-ல் கட்டி முடித்தது. நடுவில் இரண்டு கோபுரங்கள், அவற்றில் மாட்டிய 140 அறைகள். ஒவ்வொரு அறையும் நான்கே போல்ட்டில் நின்றது. ஏறக்குறைய 25 வருடத்துக்கு ஒருமுறை அறையை மட்டும் கழற்றிப் புதிது மாட்டலாம், கோபுரம் அப்படியே இருக்கும் என்பது திட்டம். கடைசிவரை ஒரு அறைகூட மாற்றப்படவில்லை. 2022-ல் எல்லாவற்றையும் இறக்கிவிட்டார்கள். கீழே இருக்கும் அறையை எடுக்க வேண்டுமென்றால் மேலே இருப்பவற்றை முதலில் எடுக்க வேண்டும். அறைகளுக்கு நடுவே இருந்த சந்து குறுகல், குழாய் கெட்டால் பழுது பார்ப்பதே பெரும்பாடு. போதாததற்கு ஒவ்வொரு அறையும் தனித்தனி ஆளின் சொத்து. என் அறையை மாற்ற மேல்வீட்டுக்காரர் காலி செய்ய வேண்டும், அவர் ஏன் செய்வார்? போல்ட் இருந்தது, அதைக் கழற்றும் வழி இல்லை.

மாண்ட்ரியலில் 1967-ல் எழுந்த ஹாபிடாட் 67-ம் இப்படித்தான். 354 கான்கிரீட் பெட்டிகளை அடுக்கி 158 வீடுகள். எல்லோருக்கும் கட்டுப்படியாகும் வீடு என்ற கனவில் தொடங்கி, கடைசியில் வசதியானவர்கள் வாங்கும் வீடாகிப் போனது. அங்கே சிலர் பக்கத்து வீட்டையும் வாங்கிச் சேர்த்துக்கொண்டார்கள், அந்த அளவுக்கு மாற்றம் நடந்தது. பெட்டிகள் ஒன்றின் எடையை ஒன்று தாங்குவதால், நடுவில் ஒன்றை உருவுவது என்ற பேச்சுக்கே இடமில்லை.

சரி, வேறு எப்படிச் செய்வது? வழியை 1960-களிலேயே நெதர்லாந்தின் கட்டடக் கலைஞர் ஜான் ஹப்ராகன் சொல்லிவிட்டார். கட்டடத்தை இரண்டாகப் பிரியுங்கள். தூண், உத்திரம், தளம், படிக்கட்டு, பொதுக் குழாய்கள் எல்லாம் பலருக்கும் பொதுவானவை, நெடுநாள் நிற்க வேண்டியவை. உள்சுவர், சமையலறை, குளியலறை, வயரிங் எல்லாம் அந்தந்தக் குடும்பத்துக்கு உரியவை, அடிக்கடி மாறக்கூடியவை. நூறு வருடம் தாங்கும் கான்கிரீட்டுக்குள் முப்பது வருடத்தில் துருப்பிடிக்கும் குழாயைப் புதைத்துப் பூசுவதுதான் நம் கட்டுமானத்தின் பெரிய முட்டாள்தனம். குழாய் போகும்போது தளத்தையும் கொத்த வேண்டியிருக்கிறது.

இந்த யோசனையை ஒசாகாவில் 1993-ல் நெக்ஸ்ட்21 என்ற 18 வீட்டுக் குடியிருப்பில் நிஜமாகவே செய்து பார்த்தார்கள். ஒவ்வொரு வீட்டிலும் நடக்கும் தரைக்கு அடியிலும் உள்கூரைக்கு மேலும் குழாய்கள் ஓட இடம் விட்டிருந்ததால், உள்ளே அறைகளை மட்டுமல்ல, வெளிச்சுவரையே நகர்த்த முடிந்தது. அதற்குக் கொடுத்த விலை மாடிகளின் உயரம். ஒவ்வொரு மாடிக்கும் கூடுதல் உயரம் என்றால் கூடுதல் பொருள், கூடுதல் செலவு. ஆனாலும் கொடுக்கத் தகுந்த விலை என்றே நினைக்கிறேன். உலகத்தின் கரியமில வாயு வெளியேற்றத்தில் ஏறக்குறைய 8 சதவீதம் சிமென்ட் தயாரிப்பிலிருந்து வருகிறது. ஒரு முறை ஊற்றிய கான்கிரீட்டை எத்தனை தலைமுறை பயன்படுத்துகிறோம் என்பதில்தான் பசுமைக் கணக்கு இருக்கிறது. மாடியில் சோலார் பலகை வைத்துவிட்டு நாற்பது வருடத்தில் கட்டடத்தை இடித்தால் அந்தக் கணக்கு எப்படி நேராகும்?

கப்பலில் சரக்கு ஏற்றும் இரும்புப் பெட்டியை வீடாக்கும் கண்டெய்னர் வீடு பற்றியும் ஒரு வார்த்தை. உள்ளே அகலம் சுமார் 2.35 மீட்டர்தான், வெப்பத்தடுப்பு ஒட்டினால் அதுவும் குறையும். ஜன்னலுக்காகப் பக்கத் தகட்டை வெட்டினால் அதன் பலம் போகும், மறுபடி இரும்புச் சட்டம் வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். வெயில் ஊரில் அது அடுப்பு. சரக்குக்காகச் செய்த பெட்டி சரக்குக்குத்தான் பொருந்தும்.

வெயில் என்றதும் ஞாபகம் வருகிறது. ஒரே பெட்டியை நான்கு திசைக்கும் திருப்பி வைக்கிறார்களே, அது எனக்குப் புரிவதே இல்லை. மேற்கே பார்க்கும் ஜன்னலுக்கும் வடக்கே பார்க்கும் ஜன்னலுக்கும் ஒரே நிழல் எப்படிப் போதும்? பெட்டி ஒன்றாக இருக்கட்டும், வெளியே மாட்டும் நிழல்பலகையாவது திசைக்கேற்ப மாற வேண்டாமா?

குறைந்த பணத்தில் நிறைய சாதித்த உதாரணம் சிலியின் இகிகே நகரில் இருக்கிறது. கட்டடக் கலைஞர் அலெஹாந்த்ரோ அரவேனாவின் குழு 2004 வாக்கில் சுமார் நூறு குடும்பங்களுக்குக் கட்டியது. நிலம் உட்பட ஒரு குடும்பத்துக்குக் கிடைத்த அரசு உதவி 7,500 டாலர். அதில் முழு வீடு வராது. அதனால் ஒரு குடும்பம் தானே செய்துகொள்ளக் கடினமான பாதியை, அதாவது கட்டமைப்பு, சமையலறை, குளியலறை, படிக்கட்டு ஆகியவற்றைக் கட்டிக் கொடுத்து, பக்கத்தில் காலி இடம் விட்டார்கள். மீதியை மக்களே அவரவர் வேகத்தில் கட்டிக்கொண்டார்கள். கிரேன் தேவைப்படவில்லை. என்னைக் கேட்டால் ‘மாற்றிக்கொள்ளக்கூடிய வீடு’ என்ற பெயருக்கு உண்மையிலேயே தகுந்தது இதுதான். அரைகுறை வீட்டை ஏழைகள் தலையில் கட்டுகிறார்கள் என்று விமர்சிப்பவர்களும் உண்டு. அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. அரசு பணத்தைக் குறைக்க இதை ஒரு சாக்காக வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம், உதிரிப்பாகம். அமெரிக்காவில் 2015-ல் தொடங்கிய கட்டெரா, கட்டடப் பாகங்களைத் தொழிற்சாலையில் செய்து, இருநூறு கோடி டாலருக்கு மேல் முதலீடு வாங்கிய நிறுவனம், 2021-ல் திவால் ஆனது. உங்கள் சுவர்ப்பலகையின் கொக்கி ஒரே கம்பெனி செய்வது என்றால், அந்தக் கம்பெனி போன மறுநாள் உங்கள் மாடுலர் வீடு சாதாரண வீடாகிவிடும். கட்டுமானத்துக்கு 100 மில்லிமீட்டரை அடிப்படை அலகாக வைத்த சர்வதேச அளவுமுறை ஏற்கெனவே இருக்கிறது. எல்லோரும் அதன்படி செய்தால் யாருடைய கதவும் யாருடைய சட்டத்திலும் உட்காரும். இதைப் பின்பற்றாதவர்களிடம் வாங்காமல் இருப்பது நல்லது.

புதிதாகக் குடியிருப்பு திட்டமிடுகிறவர்களிடம் நான் கேட்பவை ரொம்பச் சின்ன விஷயங்கள். இரண்டு வீடுகளுக்கு நடுச்சுவரில் ஒரு லிண்டலை (திறப்புக்கு மேலே சுவரின் எடையைத் தாங்கும் உத்திரம்) முன்கூட்டியே வைத்து, கீழே விட்ட திறப்பை எளிதில் எடுக்கக்கூடிய பலகையால் மூடுங்கள். நாளைக்கு வயதான பெற்றோர் பக்கத்தில் வந்தால் ஒரு அறையை இந்த வீட்டிலிருந்து அந்த வீட்டுக்குக் கொடுக்கலாம். பெட்டிகளுக்கு நடுவே உள்ள இடைவெளியில் தீ பரவாமல் தடுப்பு வையுங்கள், கண்ணுக்குத் தெரியாத இடம் என்பதால் முதலில் விட்டுப்போவது அதுதான். யார் எவ்வளவு தூரம் வீட்டை நீட்டலாம், யாருடைய ஜன்னலை மறைக்கக் கூடாது என்பதைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். சாவி கொடுக்கும் நாளில், எந்தச் சுவர் சுமை தாங்குகிறது, எந்த போல்ட்டை எந்த வரிசையில் கழற்றுவது என்று காட்டும் வரைபடத்தையும் குடியிருப்போர் சங்கத்திடம் காகிதத்தில் கொடுங்கள்.