வண்டி வரலாறு அருமை, அந்தப் படம் வேண்டாம்

தீயணைப்பு பற்றி நீங்கள் படங்களுடன் எழுதிவரும் தொடரின் இந்தப் பகுதியில், தீயணைப்பு வண்டிகளின் வரலாற்றை 1829இல் பிரெய்த்வெயிட்டும் எரிக்சனும் லண்டனில் செய்த நீராவிப் பம்பியிலிருந்து தொடங்கியது நல்லது. ஆனால் பெரிய திருப்பமொன்றை விட்டுவிட்டீர்கள். 1908இல் இங்கிலாந்தின் டென்னிஸ் வாகன நிறுவனம் அங்குள்ள பிராட்போர்டு நகருக்குக் கொடுத்த மோட்டார் வண்டியில், ஓட்டும் எஞ்சினே பம்பியையும் இயக்கியது. குதிரையும் வேண்டாம், கொதிகலனுக்கு நெருப்பு மூட்டவும் வேண்டாம். கொழும்பு மருதானைத் தீயணைப்பு நிலையத்திலிருந்து இன்று புறப்படும் வண்டிகளுக்கும் அடிப்படை அதுதான்.

சரி, கடைசிப் படத்துக்கு வருகிறேன். காயப்பட்ட ஒருவரை வீரர்கள் தூக்கி வருகிறார்கள், அவர் முகம் தெளிவாகத் தெரிகிறது. தயவுசெய்து அதை மறையுங்கள். வீட்டாருக்குச் செய்தி போகுமுன் வட்ஸ்அப்பில் படம் போய்ச் சேர்வது எவ்வளவு கொடுமை!

கொழும்பின் கடைவீதியான புறக்கோட்டையில் ஒரு கடை எரிந்தால் குறுக்குத்தெரு முழுக்கக் கைபேசிகள்தான். அந்த ஒடுக்கத்துக்குள் தண்ணீர் பவுசர் நுழைவதே பெரும்பாடு. படமெடுக்க வந்தவர் குழாய்மேல் மோட்டார் சைக்கிளை ஏற்றுகிறார். அதே குழாயின் மறுமுனையில் ஒருவர் அந்தத் தண்ணீரை நம்பிப் புகைக்குள் நிற்கிறார். இதைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

படமே எடுக்கக்கூடாது என்று சொல்லவில்லை. 2021இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்தபோது, கரையிலிருந்த நமக்கு அதன் பயங்கரத்தைக் காட்டியவை படங்கள்தான். தூர நின்று சூம் செய்து எடுக்கலாம். இரவில் பிளாஷ் வேண்டாம், அது வீரர்களின் கண்ணைக் கூசவைக்கும். களைத்து உட்கார்ந்திருப்பவரை எடுப்பதென்றால் ஒரு வார்த்தை கேளுங்கள்.

அப்புறம், பழைய டென்னிஸ் வண்டிகளின் படங்கள் இருந்தால் அடுத்த பகுதியில் சேருங்கள்.