கையொப்பம் மட்டும் போதாது

பழைய ஆர்ச்டாப் (முகப்பு வளைவாக மேடிட்ட) ஜாஸ் கிட்டார்களின் விலையை வயதும் செய்தவர் பெயருமே தீர்மானிக்கின்றன என்று ஒரு கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் பாதியளவுக்கே ஏற்க முடிகிறது. கிப்சன் நிறுவனம் 1922-இல் அறிமுகப்படுத்திய எல்-5 கிட்டார் வகையில், அந்நிறுவனத்தின் வடிவமைப்பாளர் லாயிட் லோர் கையொப்பமிட்ட லேபிளுடன் 1924 வரை வந்தவை அரியவை என்பது உண்மைதான். ஆனால் லேபிளைப் பின்னாளில் யாரும் ஒட்டிவிடலாம். நியூயார்க்கில் 1932 முதல் 1964-இல் இறக்கும்வரை கிட்டார் செய்த ஜான் டி'ஆஞ்செலிகோவின் விஷயத்தில் இந்தச் சிக்கல் சற்றுக் குறைவு. அவர் எழுதிவைத்த பேரேடுகள் இருப்பதால், வரிசை எண்ணை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

பெயர் உறுதியான பிறகும் மரத்தைப் பார்த்தே ஆகவேண்டும். செதுக்கிய ஸ்புரூஸ் மர முகப்பில் பிக்கப் (கம்பிகளின் அதிர்வை மின்சைகையாக மாற்றும் கருவி) பொருத்துவதற்காகப் பின்னாளில் துளை வெட்டியிருந்தால், எவ்வளவு நேர்த்தியாக அடைத்தாலும் பழைய மதிப்பு திரும்பாது. முழுவதும் மறுபூச்சு செய்யப்பட்டிருந்தாலும் விலை பெரிதும் சரியும். பலரும் கவனிக்காத ஒன்று, பெட்டியைத் திறந்ததும் எழும் கற்பூரமும் புளிப்பும் கலந்த நெடி. அது செல்லுலாய்டு என்ற பழைய வகைப் பிளாஸ்டிக்கால் ஆன பிக்கார்டு (முகப்பில் கீறல் விழாமல் காக்கும் தகடு) சிதையத் தொடங்கியதன் அடையாளம். அதிலிருந்து வெளிப்படும் ஆவி, அருகிலுள்ள உலோகப் பாகங்களையும் கழுத்துப் பகுதியில் பதித்த ஃபிரெட்டு எனும் உலோகக் கட்டைகளையும் பச்சைபூக்க வைத்து அரித்துவிடும் என்பதால், சிதைந்த துண்டை உடனே கழற்றித் தனியாக வைக்க வேண்டும். அசல் பாகம் என்பதற்காக அதைக் கிட்டாரிலேயே விட்டுவைக்கக் கூடாது.