அண்ணனுக்கு எத்தனை பிறந்தநாள்?

(ஜூன் 13. பக்கத்து வீட்டு ஸ்டெல்லாவின் வாசலில் பூங்கொத்தோடு கோமதி.)

கோமதி: அக்கா, அந்தோணி அண்ணனுக்குப் பிறந்தநாள் வாழ்த்து! காலண்டரில் அந்தோணியார் விழா என்று பார்த்தேன்.

ஸ்டெல்லா: இது பிறந்தநாள் இல்லை கோமதி, நாம விழா. அவர் பெயர் கொண்ட புனிதரின் விழா. புனித அந்தோணியார் 1231-ல் இறந்த நாள்.

கோமதி: ஐயையோ! (பூங்கொத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்து) அப்போ துக்கம் விசாரிக்க வேண்டுமா?

ஸ்டெல்லா: அட, கொடு இப்படி! புனிதர்கள் இறந்த நாள்தான் அவர்கள் விண்ணகத்தில் பிறந்த நாள். பாலிகார்ப் என்ற ஆயரை, அதான் பிஷப்பை, கொன்றார்களே, அந்த நாளைக்கூட 2-ஆம் நூற்றாண்டிலேயே பிறந்தநாள் என்றுதான் எழுதி வைத்தார்கள்.

கோமதி: அப்போ பூமியில் பிறந்ததெல்லாம் கணக்கிலேயே வராதா?

ஸ்டெல்லா: மூன்று பேருக்கு வரும். இயேசுவுக்கு டிசம்பர் 25, மரியாவுக்கு செப்டம்பர் 8, ஞானஸ்நானம் கொடுத்த திருமுழுக்கு யோவானுக்கு ஜூன் 24.

கோமதி: யோவானுக்கு மட்டும் என்ன சலுகை?

ஸ்டெல்லா: மரியாவின் குரல் கேட்டதுமே தாயின் வயிற்றில் துள்ளியவர் ஆயிற்றே.

கோமதி: என் பையனும் துள்ளினான். யார் விழா எடுத்தார்கள்? சரி, தேதியெல்லாம் பைபிளில் இருக்கிறதா?

ஸ்டெல்லா: இல்லை. மரியாவுக்கு வானதூதர் செய்தி சொன்னபோது யோவானின் தாய் எலிசபெத்துக்கு ஆறாம் மாதம் என்கிறார் நற்செய்தி எழுதிய லூக்கா. அதனால் யோவான் ஆறு மாதம் முன்னால். அந்தச் செய்தி வந்த விழா மார்ச் 25, குழந்தை டிசம்பர் 25.

கோமதி: நாள் பிசகாமல் ஒன்பது மாதம்! எனக்கு டாக்டர் குறித்த தேதிக்கு ஒன்றுகூட வரவில்லை அக்கா. வருஷமாவது சரியா?

ஸ்டெல்லா: அதைக் கேட்காதே. குழந்தை இயேசுவைக் கொல்லத் தேடிய ஏரோது கி.மு. 4-லேயே இறந்துவிட்டான் என்கிறார்கள் பெரும்பாலான ஆய்வாளர்கள்.

கோமதி: இருங்கள். கிறிஸ்து பிறப்பதற்கு முன்னாலேயே கிறிஸ்து பிறந்துவிட்டாரா?

ஸ்டெல்லா: 6-ஆம் நூற்றாண்டில் தியோனிசியுஸ் என்ற துறவி போட்ட கணக்கு. சில வருஷம் சறுக்கிவிட்டது.

கோமதி: பள்ளியில் சேர்க்கும்போது எங்கள் அப்பாவும் என் வயதில் அப்படித்தான் சறுக்கினார். போகட்டும், அண்ணன் நிஜமாகப் பிறந்தது எப்போது?

ஸ்டெல்லா: எந்தப் பிறப்பைக் கேட்கிறாய்? அம்மா பெற்றதையா, திருமுழுக்கில் எடுத்த மறுபிறப்பையா?

கோமதி: மறுபிறப்பா! உங்களுக்கு அது கிடையாது என்று போன வாரம்தானே என்னோடு சண்டை போட்டீர்கள்?

ஸ்டெல்லா: அது செத்த பிறகு எடுக்கிற மறுபிறவி. இது இருக்கும்போதே, இதே உடம்பில். மறுபடி பிறக்க வேண்டும் என்று இயேசு சொன்னதும் நிக்கதேம் என்ற பெரிய மனிதரே குழம்பிப்போய், வயதானவன் தாயின் வயிற்றில் திரும்ப நுழைய முடியுமா என்று இயேசுவிடம் கேட்டார்.

கோமதி: அவரைப் பெற்ற மகராசி காதில் விழாமல் இருந்ததே, அதுவரைக்கும் சரி! (விரல் விட்டு எண்ணுகிறாள்) ஆக அண்ணனுக்குப் பெற்றது ஒன்று, திருமுழுக்கு ஒன்று. விண்ணகத்தில் பிறக்கிறது மட்டும்தான் இன்னும் பாக்கி...

ஸ்டெல்லா: மெதுவாகப் பேசு! உள்ளேதான் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.