அந்த கோல்ஃப் கேமைப் பத்தி இன்னொரு தடவை

நான் காசு கொடுத்து வாங்கின ஒரு மொபைல் கோல்ஃப் கேமை, அதைப் பண்ணின கம்பெனியே யாரும் ஆட முடியாதபடி மூடிட்டாங்கன்னு திங்கட்கிழமை ஒரு பதிவு போட்டேன். அதுக்குக் கீழ நடந்ததை எல்லாரும் பார்த்திருப்பீங்க. "ஒரு மொபைல் கேமை மூடினதுக்கு இவ்வளவு ஒப்பாரியா, 399 ரூபாய்தானே" என்று ஒருத்தர் கேட்டார். அதுக்கு வரிசையா சிரிப்பு எமோஜி. சிரிச்சவங்கள்ல எங்க வீட்டுக்கு வந்து சாப்பிட்டுட்டுப் போனவங்களும் உண்டு. ரெண்டு நாள் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். இப்ப சொல்றேன்.

காசு வாங்கிக்கிட்டு வித்த பொருளை, வாங்கினவங்க கையில இருந்து திரும்பப் பிடுங்கக் கூடாது. நான் சொன்னது இவ்வளவுதான். 399ஆ இருந்தாலும் சரி, 39 ரூபாயா இருந்தாலும் சரி.

அது என்ன கேம்னே தெரியாம சிரிச்சவங்களுக்காக: மினி கோல்ஃப். விரலைப் பின்னால இழுத்து விட்டா பந்து ஓடும். 18 குழி, ஒவ்வொண்ணும் ஒரு பழைய ஆர்கேட் கேமை, அதாவது கடையில காசு போட்டு ஆடுற மெஷின் கேமை வச்சுப் பண்ணினது. அஸ்டிராய்ட்ஸ் குழியில பந்து வலது ஓரத்துல மறைஞ்சா இடது ஓரத்துல வெளிய வரும். ஸ்பேஸ் இன்வேடர்ஸ் குழியில மேல இருந்து வரிசையா இறங்குற பூச்சிகளைப் பந்தால அடிச்சு வழி பண்ணணும். அடிக்க அடிக்க மிச்சம் இருக்கிறதுங்க வேகமா இறங்கும். 1978ல டோமொஹிரோ நிஷிகாடோ அந்த கேமைப் பண்ணினப்போ அது அவர் திட்டம் போட்டு வச்சதில்லை. 55 பூச்சியையும் சேர்த்து வரைய அந்தக் காலத்து ப்ராசசருக்குத் திணறல். எண்ணிக்கை குறையக் குறைய அதுக்கு வேலை குறைஞ்சு தானா வேகம் கூடிடுச்சு. அவரும் அதை அப்படியே விட்டுட்டார். இந்த கோல்ஃப் கேமைப் பண்ணினவங்க அதைக்கூட மறக்காம வச்சிருந்தாங்க. அவ்வளவு பாசத்தோட பண்ணின ஒண்ணை இப்படி மூடுவாங்கன்னுதான் நான் நினைக்கலை.

இந்த கேமை நான் வாங்கினது எனக்காக இல்லைங்கிறதையும் சொல்லிடறேன். போன வருஷம் அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன். ரெண்டு மாசம் கட்டில். சீரியல் பார்த்துப் பார்த்து அவங்களுக்கே வெறுத்துப்போச்சு. போனைக் கையில கொடுத்தேன். சின்ன வயசுல பாளையங்கோட்டையில வீடியோ கேம் கடையில இருந்து என் காதைத் திருகி வீட்டுக்கு இழுத்துக்கிட்டு வந்த அதே அம்மா. திரையைத் தொடறதுக்கு முன்னால முந்தானையில விரலைத் துடைச்சுக்குவாங்க, ஒவ்வொரு தடவையும். 17வது குழி பேக்மேன். புள்ளி நிறைஞ்ச சந்துக்குள்ள பந்தை உருட்டணும், நாலு பேய் சுத்தும். நான் அதுல இருபது தடவை தோத்திருப்பேன். அம்மா மூணாவது நாள் கூப்பிட்டுச் சொன்னாங்க: "எய்யா, செவத்த பேய் பொறத்தால வருது. இந்த ரோஸ் கலர் அப்படி இல்ல. நாம போற எடத்துக்கு முன்னாடியே போய் நின்னுக்கிடுது."

நான் நம்பலை. அப்புறம் தேடிப் படிச்சா, 1980ல வந்த மூல கேம்லயே பிங்கிங்கிற அந்தப் பேய், பேக்மேன் (அதுல நாம ஓட்டுற மஞ்சள் உருண்டை) பார்த்துக்கிட்டு இருக்கிற திசையில நாலு கட்டம் தள்ளிக் குறி வச்சுத்தான் வரும். பிளிங்கிங்கிற செவப்புப் பேய்தான் நேரா துரத்தும். எங்க அம்மா அதை யார்கிட்டயும் கேட்காம, படிக்காம, பார்த்தே கண்டுபிடிச்சாங்க. அந்த கேமைப் பண்ணின டோரு இவாடானி, ஆம்பிளைங்க சுட்டுத் தள்ளுற கேம்களா இருந்த இடத்துக்குப் பொண்ணுங்களும் வரணும்னு நினைச்சுத்தான் அதைப் பண்ணினதா அவரே சொல்லியிருக்கார். நாப்பது வருஷத்துக்கு மேல கழிச்சு அவர் நினைச்சது எங்க வீட்டுக் கட்டில்ல நடந்தது.

அந்தக் குழியை ரெண்டே அடியில முடிச்சாங்க. பழைய மெஷின் மாதிரியே மூணு எழுத்துல பேர் போடச் சொல்லும். தன் பேரோட முதல் மூணு எழுத்தைப் போட்டாங்க. ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக் தவிர அவங்க பேரை வேற எங்கயும் நான் எழுதிப் பார்த்ததில்லை. அது எல்லாம் இப்ப போச்சு.

"சர்வர் (கேமை இன்டர்நெட் வழியா நடத்துற கம்பெனியோட கம்ப்யூட்டர்) வச்சு நடத்தக் காசு வேணும்ல" என்கிறீங்க. வேணும். நாலு பேர் சேர்ந்து ஆடுற போட்டியை நிறுத்துங்க, நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன். ஒரு அம்மா தனியா உட்கார்ந்து போனுக்குள்ள பந்தை உருட்ட எதுக்கு சர்வர்? திறந்ததும் லாகின் கேட்கிற அந்தப் பூட்டைப் போட்டது அந்தக் கம்பெனிக்காரங்கதான். கடைசியா ஒரு அப்டேட்ல அதைக் கழட்டி விட்டுட்டுப் போயிருக்கலாம்.

"ஐ அக்ரீ அமுக்கினீங்கல்ல, அதுல எல்லாம் எழுதியிருக்கு" என்று ஒரு வக்கீல் நண்பர். எழுதியிருக்கு, ஒத்துக்கறேன். ஆனா பட்டன்ல "வாங்கு" என்றுதானே இருந்தது? "நாங்க நினைக்கிறவரை வச்சுக்கோ" என்றா இருந்தது? கலிபோர்னியாவுல இதுக்குச் சட்டமே போட்டு 2025 ஜனவரியில இருந்து நடப்புல இருக்கு. பொருளைச் சொந்தமாக் கொடுக்காம, பயன்படுத்துற உரிமத்தை மட்டும் கொடுத்துட்டு, அதைத் தெளிவா சொல்லாம "வாங்கு"ன்னு போடக் கூடாது. ஐரோப்பாவுல 'தி க்ரூ'ங்கிற கார் கேமை 2024 மார்ச்ல மூடின கோபத்துல, வித்த கேமை ஆட முடியாமப் பண்ணக் கூடாதுன்னு ஆரம்பிச்ச இயக்கத்துக்கு 10 லட்சம் பேருக்கு மேல கையெழுத்துப் போட்டிருக்காங்க. அவங்க எல்லாரும் வேலை வெட்டி இல்லாதவங்களா? 2010க்கு முன்னால அமெரிக்காவுல வந்த கேம்கள்ல 87 சதவீதம் இன்னைக்குக் கடையில கிடைக்கிறதில்லைன்னு, பழைய கேம்களைப் பாதுகாக்கிற வீடியோ கேம் ஹிஸ்டரி பவுண்டேஷன் 2023ல கணக்கெடுத்துச் சொன்னாங்க. அவங்களும் ஒப்பாரி வைக்கிறவங்களா?

1980ல செஞ்ச பேக்மேன் மெஷினை ஒழுங்கா வச்சிருந்தா இன்னைக்கும் ப்ளக்கைச் சொருகினா ஓடும். காசு போட்டா ஒரு ஆட்டம், அதோட கணக்கு முடிஞ்சது. அந்த மெஷின் யாரையும் ஏமாத்தலை. அந்த கேமுக்கு முடிவுன்னே ஒண்ணு வைக்கலை. 256வது லெவலுக்குப் போனா அந்த எண்ணிக்கையை மெஷின் தாங்காம பாதித் திரை குப்பையாகிடும். அதுவரைக்கும் ஆடிப் போனவங்க தோக்கிறது கேம்கிட்டத்தான். எங்க அம்மா தோத்தது, கேமை மூடிட்டோம்ங்கிற ஒரு நோட்டீஸ்கிட்ட. அதுவும் அவங்களுக்கு வாசிக்கத் தெரியாத இங்கிலீஷ்ல.

அப்புறம் "நாட்டுல எவ்வளவோ பிரச்னை இருக்கே". இருக்கு. அதையும் எழுதியிருக்கேன், அப்ப உங்க யாரையும் காணோம். நீங்க ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் கிரிக்கெட் பார்க்கிறப்போ நாட்டுல பிரச்னை இல்லையா? ஆம்பிளைங்க கிளப்புல சீட்டாடினா பொழுதுபோக்கு, அறுபத்தெட்டு வயசுப் பொம்பளை போன்ல பந்து உருட்டினா சிரிப்பு. "கிழவிக்கு எதுக்குங்க கேம்" என்று ஒருத்தர் எழுதியிருக்கார். அதுக்கும் முப்பது லைக். கேமை மூடினதைவிட எனக்கு அதுதான் தாங்கலை.

கேம் நின்ன அன்னைக்கு அம்மா என்கிட்ட எதுவுமே சொல்லலை. மறுநாளும் சொல்லலை. போனைத் தலையணைக்குக் கீழ வச்சிருந்தாங்க. மூணாவது நாள் நான் சார்ஜ் போட எடுத்தப்போதான் மெதுவா கேட்டாங்க: "எய்யா, நான் எதையும் தப்பா அமுக்கிக் கெடுத்துட்டேனா?"

ரெண்டு நாள் அந்த பயத்தோட இருந்திருக்காங்க. எவனோ எங்கயோ எடுத்த முடிவுக்கு, தான் கெடுத்துட்டோம்னு எங்க அம்மா பயந்துக்கிட்டு படுத்திருக்காங்க. இதைத்தான் 399 ரூபாய்ங்கிறீங்க.

அந்த "கிழவி" கமெண்டைப் போட்டவர் தயவுசெஞ்சு அதை எடுத்துடுங்க. நான் எழுதுறதை எல்லாம் அக்கா அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டுவா, கமெண்டோட சேர்த்து.